கரிய மணலும் காந்தப் படிகமும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களுக்குத் தென்கிழக்கே மணவாளக்குறிச்சிக் கடற்கரை அமைந்துள்ளது. இவை யாவும் 1956ஆம் ஆண்டு வரை ஒரே ஆட்சிப் பகுதியில் இருந்தன. இன்று இடையே மாநில எல்லை உள்ளது. அக்கடற்கரையின் கரிய மணலுக்கும் வானொலி ஒலிபெருக்கியின் பின்புறமுள்ள கரிய காந்த வளையத்திற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

1909இல் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானியர், திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டறிந்தார். வாயு விளக்கு வலைகளுக்கு வேண்டிய தோரியத்திற்காக அது பல ஆண்டுகள் கச்சாப் பொருளாகவே கப்பலேறியது. ஆனால் மோனசைட்டில் தோரியம் மட்டுமன்றி லாந்தனம், சீரியம் முதலிய அருமண் தனிமங்களும் அடங்கியுள்ளன. இவற்றை இந்நாட்டிலேயே பிரித்தெடுக்க 1950இல் இந்திய அருமண் நிறுவனம் தோன்றியது. 1952இல் ஆலுவாவில் அதன் தொழிற்சாலை திறக்கப்பெற்றது.

அதே 1952இல் ஹாலந்து நாட்டு ஐந்தோவனில் பிலிப்ஸ் ஆராய்ச்சியாளர்கள் பேரியம் ஃபெரைட் என்ற நிலைக்காந்தத்தை அறிவித்தனர். இதில் விலையுயர்ந்த நிக்கலோ கோபால்ட்டோ இல்லை. பேரியம் கார்பனேட்டையும் இரும்பு ஆக்ஸைடையும் கலந்து, ஏறத்தாழ 1200 டிகிரி வெப்பத்தில் சுட்டு, அரைத்து, அழுத்தி, மீண்டும் சுடுவர். மட்பாண்டத் தொழிலை ஒத்த முறையே இது. இதன் படிகம் அறுகோண அமைப்புடையது.

இப்படிகத்தின் ஒவ்வொரு மூலக்கூற்று வாய்பாட்டிலும் 12 இரும்பு அயனிகள் உள்ளன. அவை ஐந்து வகை இடங்களில் அமைந்துள்ளன. வகுப்பில் 12 மாணவர்களை நிறுத்தி இதனை விளக்கலாம். எண்மர் கிழக்கு நோக்கியும் நால்வர் மேற்கு நோக்கியும் கயிற்றை இழுத்தால், மிஞ்சுவது கிழக்கே நால்வரின் வலிமை. ஃபெரைட்டின் காந்த ஆற்றலும் இத்தகைய மிச்சமே ஆகும். இவ்வகைக் காந்தத் தன்மையை 1948இல் லூயி நேயல் விளக்கினார். 1970இல் நோபல் பரிசும் பெற்றார்.

இனி, ஓர் இரும்பின் இடத்தில் காந்தத் தன்மையற்ற அலுமினியத்தைப் புகுத்தினால் என்ன நேரும்? அது எண்மர் அணியில் அமர்ந்தால் மொத்த ஆற்றல் குறையும். நால்வர் அணியில் அமர்ந்தால் கூடும். அலுமினியம் பெரும்பாலும் எண்மர் அணியிலேயே இடம் பெறுகிறது. ஆகவே காந்த ஆற்றல் குறைகிறது. எனினும் காந்தத் தன்மையை இழக்க மறுக்கும் உறுதி மிகுகிறது. ஸ்டிரான்ஷியம் ஃபெரைட்டில் ஸ்டிரான்ஷியத்தின் ஒரு பகுதிக்கு லாந்தனத்தையும், இரும்பின் ஒரு பகுதிக்குக் கோபால்ட்டையும் மாற்றினால், ஆற்றல் குன்றாமலே இவ்வுறுதி உயர்கிறது. சிறிய மோட்டார்களுக்கு இத்தகைய காந்தங்கள் பெரிதும் ஏற்றவை.

எத்தனிமம் எவ்விடத்தில் அமர்ந்தது என்பதைக் கண்ணால் காண இயலாது. அதற்கு நிறமாலை ஆராய்ச்சியே துணை. மாஸ்பாவர் முறையில் காமாக் கதிர்களைப் படிகத்தின் வழியே செலுத்துவர். ஒவ்வொரு வகை இடத்திலுள்ள இரும்பும் ஆறு கோடுகள் கொண்ட தனி அடையாளத்தைத் தரும். மாற்றுத் தனிமம் அமர்ந்த இடத்திற்குரிய கோடுகள் வலுக் குறையும். அகச்சிவப்பு நிறமாலையோ உலோகத்திற்கும் ஆக்ஸிஜனுக்கும் இடையேயுள்ள பிணைப்பின் அதிர்வுகளைக் காட்டுகிறது.

மணலை மணலாகவே விற்றால் கிடைக்கும் பயன் சிறிது. அதிலுள்ள தனிமத்தைப் பிரித்து, படிகத்தில் அதற்குரிய இடத்தை அறிந்து, காந்தமாக்கினால் பயன் பன்மடங்காகும். இவ்வறிவு இக்கரையின் பிள்ளைகளுக்கு எட்ட வேண்டும் என்பதே முக்கியம்.

ஆசிரியர்கள் ஓர் எச்சரிக்கையையும் மனத்திற் கொள்ளுதல் நலம். மோனசைட்டிலுள்ள தோரியம் கதிரியக்கம் உடையது. அக்கனிமம் அணுசக்திச் சட்டத்தின் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டது. எனவே மாணவர்களைக் கொண்டு அம்மணலைத் திரட்டிப் பள்ளியில் வைத்தல் கூடாது. பழைய ஒலிபெருக்கியின் காந்த வளையம் ஒன்றே இப்பாடத்திற்குப் போதுமானது.