இருட்டு மேகத்துக்குச் சூடு எங்கிருந்து?

மலேசியாவின் மெர்சிங்கில் நவம்பரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை ஓயும்வரை தியோமான் தீவுக்குப் படகுகள் சரியாக ஓடாது, வானமும் தெரியாது. மார்ச்சில் மேகம் விலகியதும் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் சிலரோடு ஆயர் பாப்பான் கடற்கரைக்குப் போவேன். இரவு எட்டு மணிக்கு ஓரியன் நட்சத்திரக் கூட்டம் உச்சிக்குச் சற்று மேற்கே நிற்கும். அதில் வரிசையாக இருக்கும் மூன்று நட்சத்திரங்களுக்குத் தெற்கே, பைனாகுலரில் வெளுத்த திட்டாகத் தெரிவது ஓரியன் நெபுலா என்னும் வாயுத் திரள். இளம் நட்சத்திரங்களின் புற ஊதாக் கதிர் பட்டு அந்த வாயு ஏறக்குறைய 10,000 டிகிரிக்குக் கொதிக்கிறது.

அதன் பின்னால் கண்ணுக்குப் படாமல் கிடக்கிறது மூலக்கூறு மேகம். பெரும்பாலும் ஹைட்ரஜன், எடையில் நூற்றில் ஒரு பங்கு தூசு. இப்படிப்பட்ட மேகங்களின் இருண்ட மையத்தில் மைனஸ் 263 டிகிரி செல்சியஸ். அதாவது, இதற்குமேல் குளிரவே முடியாது என்ற எல்லைக்குப் பத்து டிகிரி மேலே. "வெளிச்சமே போகாத இடத்துல அந்தப் பத்து டிகிரி மட்டும் எப்படி ஐயா?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி.

விளிம்பிலிருந்து தொடங்குவோம். அங்கே தூசு நட்சத்திர ஒளியை விழுங்கி அகச்சிவப்பாக வெளியே விடுகிறது. படகுத்துறையின் தகரக் கூரை வெயிலை வாங்கி, கீழே நிற்பவர் தலையில் அனலாக இறக்குவதைப் போல. வாயு சூடாகும் வழி வேறு. புற ஊதாக் கதிர் தூசுத் துகளிலிருந்து ஓர் எலக்ட்ரானைத் தட்டிவிடும். அது சுற்றியுள்ள அணுக்களில் மோதி, தன் வேகத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும். அந்தச் சூட்டைக் கார்பன் அயனிகள் 158 மைக்ரான் அலையாகக் கழிக்கின்றன. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் ஹைதராபாத்திலிருந்து பலூனில் ஏற்றிய 100 செ.மீ. தொலைநோக்கி, ஜப்பானியக் கருவியின் துணையோடு ஓரியனில் பதிவு செய்தது இந்த அலையைத்தான்.

உள்ளே போகப் போக ஒளி அடங்கிவிடும். தூசுக்குக் கசிந்து வரும் அகச்சிவப்பு கொஞ்சம் கிடைக்கும். வாயுவுக்குக் கைகொடுப்பவை விண்வெளியில் வேகமாகப் பாயும் துகள்களான காஸ்மிக் கதிர்கள். 1912-ல் விக்டர் ஹெஸ் பலூனில் 5,000 மீட்டருக்கு மேல் ஏறிக் கண்டறிந்தவை. தடித்த மேகத்தையும் துளைத்துச் செல்லும் அவை ஹைட்ரஜன் மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க, அதன் வேகம் வாயுவுக்குச் சூடாகிறது. இன்னொரு பக்கம் மேகத்திலுள்ள கார்பன் மோனாக்சைடு அந்தச் சூட்டை ரேடியோ அலையாக வெளியே அனுப்புகிறது. வரவும் செலவும் சமமாகும் இடம் அந்தப் பத்து டிகிரி.

செலவு இப்படித் தாராளமாக நடப்பதால்தான் நட்சத்திரம் பிறக்கிறது. வாயு சூடாக இருந்தால் அதன் அழுத்தம் ஈர்ப்பை எதிர்த்து நிற்கும். குளிர்ந்தால் மேகம் தன் எடை தாங்காமல் உள்ளே சரியும். சுமார் 460 கோடி ஆண்டுகளுக்கு முன் சூரியனும் இப்படிச் சரிந்த ஒரு குளிர்மேகத்தில் பிறந்ததுதான்.