தமிழில் சொல்லொழுங்கு

சொல்லொழுங்கு என்பது ஒரு வாக்கியத்தில் எழுவாய், செயப்படுபொருள், பயனிலை ஆகியவை அமையும் வரிசை ஆகும். தமிழில் பயனிலை பெரும்பாலும் இறுதியில் வரும். எனினும், சொற்களுக்கு இடையேயான உறவை வேற்றுமை உருபுகளே காட்டிவிடுவதால் இவ்வரிசை நெகிழக்கூடியது. "நாய் பூனையைத் துரத்தியது", "பூனையை நாய் துரத்தியது" ஆகிய இரண்டிலும் துரத்தியது நாயே. ஆங்கிலத்தில் இவ்விரு பெயர்களையும் இடம் மாற்றினால் துரத்துவது பூனையாகிவிடும். உருபு மறைந்து வரும்போது தமிழிலும் இந்த உரிமை சுருங்குகிறது. "பூனை எலி பிடித்தது" என்பதில் வரிசையும் உலகறிவுமே துணை.

பொருள் மாறாவிடினும் அழுத்தம் மாறும். வினைக்கு முன்னுள்ள இடமே பொதுவாக அழுத்தம் பெறுவது. "அப்பா நேற்று வந்தார்" என்பது எப்போது என்ற வினாவிற்கும், "நேற்று அப்பா வந்தார்" என்பது யார் என்ற வினாவிற்கும் இயல்பான விடைகள்.

வினை முதலில் வந்தால் உணர்ச்சி மிகும். கம்பராமாயணத்தின் சுந்தர காண்டத்தில், இலங்கையிலிருந்து திரும்பிய அனுமன், சீதையைக் கண்டதைக் கூறும் வினைமுற்றையே இராமனிடம் முதலில் சொல்கிறான். சீதையைக் குறிக்கும் சொல்லில் தொடங்கியிருந்தால், அடுத்த சொல் வரும்வரை இராமன் அவளுக்கு என்ன நேர்ந்ததோ எனக் கலங்கியிருப்பான் என்பது இதற்குப் பலரும் கூறும் விளக்கம்.

செய்யுளில் சொற்களைக் கூட்டிப் பொருள் காணும் முறை பொருள்கோள் எனப்படும். நன்னூல் கூறும் எட்டு வகைகளுள் மொழிமாற்று, கொண்டுகூட்டு முதலியவை இடம்மாறி நிற்கும் சொற்களைப் பற்றியவை.