எழுத்தும் இசையும்: மிடிச் சுரங்களைச் செப்பனிடும் கலை

எழுத்தின் வரிவடிவம் வேறு, ஒலிவடிவம் வேறு என இலக்கண வகுப்பில் நாம் கற்பிக்கின்றோம். கணிப்பொறிவழி இசையமைக்கும் முறையை விளங்கிக்கொள்ளவும் இவ்வேறுபாடே திறவுகோலாகின்றது.

வெவ்வேறு நிறுவனங்களின் மின்னிசைக் கருவிகள் தம்முள் செய்தி பரிமாறிக்கொள்ளவென 1983ஆம் ஆண்டு வெளிவந்த பொதுமொழியே 'மிடி' ஆகும். அமெரிக்கரான டேவ் ஸ்மித்தும் ஜப்பானியரான இகுதாரோ ககேஹாஷியும் அதற்கு வித்திட்டோருள் முதன்மையானவர்கள். மிடி ஒலியன்று; ஒலிப்பதிவும் அன்று. எந்தக் கட்டை, எப்பொழுது, எவ்வளவு விசையோடு அழுத்தப்பட்டது, எப்பொழுது விடப்பட்டது என்னும் குறிப்புகளின் தொகுப்பே அது. ஆதலின் வாசித்து முடித்த பின்னரும் ஒரு சுரத்தை மட்டும் திருத்தலாம். வயலினுக்கு அமைத்ததைப் புல்லாங்குழலில் ஒலிக்கச் செய்யலாம்.

இக்கருத்தின் வேர் பழைமையானது. 9ஆம் நூற்றாண்டில் பக்தாத் நகரில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர் மூவர், நீர்விசையால் தானே இசைக்கும் குழற்கருவி ஒன்றை விவரித்துள்ளனர். சுழலும் உருளையில் பதித்த முளைகள் நெம்புகோல்களை இயக்க, குழலின் துளைகள் திறந்து மூடும். முளைகளின் வரிசையே பாட்டின் வரிசை.

இன்றைய மென்பொருளில் 'பியானோ ரோல்' எனப்படும் திரை, அவ்வுருளையை விரித்து வைத்தாற்போன்றது. கீழிருந்து மேலாகச் சுருதி. இடமிருந்து வலமாகக் காலம். ஒவ்வொரு சுரமும் ஒரு பட்டை. பட்டையை உயர்த்தினால் சுருதி உயரும். நீட்டினால் குறில் நெடிலாவது போல ஒலிப்பு நீளும். சுரங்களுக்கு 0 முதல் 127 வரை எண்கள் உண்டு. பியானோவின் நடு 'சி' 60 ஆகும். அழுத்தும் விசையாகிய 'வெலாசிட்டி' 1 முதல் 127 வரை அமையும்.

தாளம் பிசகிய சுரங்களைக் கட்டக்கோட்டில் கொண்டு நிறுத்துவது 'குவாண்டைஸ்' என்னும் கட்டளை. தாளத்தின் ஓர் அடி 480 கூறுகளாகப் பகுக்கப்பட்டிருக்க, ஒரு சுரம் 20 கூறுகள் பிந்தி விழுந்ததெனக் கொள்வோம். முழுமையாகத் திருத்தினால் அப்பிந்துதல் அறவே நீங்கும். 50 விழுக்காடு திருத்தினால் 10 கூறுகள் எஞ்சும். அது தடுமாற்றமா, கலைஞன் கருதியே தாழ்த்தி வாசித்த நயமா என்பதைக் கணிப்பொறி அறியாது. செவியே அறியும். தளை தட்டும் இடத்தைத் திருத்துவது வேறு. பாட்டின் உயிரைத் தேய்ப்பது வேறு.

நம் இசைக்கு மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. கமகம் சுரங்களுக்கு இடைப்பட்ட வழியிலே வாழ்வது. மிடியின் எண்களோ கட்டைகளைச் சுட்டுவன. இவ்விடைவெளியை நிரப்பச் சுருதியை வளைக்கும் 'பிட்ச் பெண்ட்' உதவுகின்றது. அதற்கு 16,384 படிகள் உண்டு. எனினும் ஒரு சேனலில் ஒருங்கே ஒலிக்கும் சுரங்கள் அனைத்தையும் அது ஒருசேர வளைத்துவிடும். சுரந்தோறும் தனித்து வளைக்க விரும்புவோர் அவற்றைத் தனித்தனிச் சேனல்களில் பிரித்தமைக்க வேண்டியிருந்தது. 2020இல் வெளிவந்த 'மிடி 2.0', ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே வளைக்க வழிவகுத்தது; விசையையும் 65,536 படிகளாக விரித்தது.

படிகள் பெருகினும் வளைவை வரையவேண்டியவன் மனிதனே. கமகத்தைக் காதால் கேட்டுப் பழகாதவன் அதைத் திரையில் வரைய இயலாது. எனவே இக்கலையைப் பயில விழையும் மாணவர்கள் மென்பொருளுக்கு முன்னே செவியைப் பயிற்றுவார்களாக. கருவி கைக்கு உதவும். தெரிந்தெடுப்பது நம் கடன்.