பெங்களூரில் வானவில் ஊர்வலம்: முகமூடி கழற்றியவர்களும் கழற்ற முடியாதவர்களும்

நவம்பர் மாதம் பெங்களூருக்கு விழா மாதம். ராஜ்யோத்சவக் கொடிகள் தெருத் தெருவாகப் பறக்கும். கார்த்திகை கடைசியில் பசவன்குடியில் கடலைக்காய்த் திருவிழா களை கட்டும். மழை ஓய்ந்து குளிர் எட்டிப் பார்க்கும்.

இந்த விழாக் காலத்தில் இன்னொரு கூட்டமும் கூடுகிறது. தமட்டை முழங்க, ஆறு வண்ண வானவில் கொடி பிடித்து, ஆடியும் பாடியும் கோஷம் போட்டும் சாலையில் வருகிறார்கள். திருநங்கைகள் இருக்கிறார்கள். காலேஜ் மாணவர்கள் இருக்கிறார்கள். கம்ப்யூட்டர் கம்பெனி ஊழியர்கள் இருக்கிறார்கள். தலை நரைத்த பெற்றோர் சிலரும் கூடவே நடக்கிறார்கள்.

பல ஆண்டுகள் இந்த ஊர்வலம் மெஜஸ்டிக் அருகே துளசி தோட்டத்தில் புறப்பட்டு, டவுன்ஹாலில் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்த் திரும்பும் தமிழர்கள் ரெயில் நிலையத்தில் இறங்கி, "இது என்ன கட்சி ஊர்வலம்?" என்று கேட்டிருப்பார்கள். கட்சி ஊர்வலம் அல்ல. "நம்ம பிரைடு" என்று அதற்குப் பெயர். தமிழில் சொன்னால் சுயமரியாதை ஊர்வலம்.

யார் இவர்கள்?

திருநங்கைகளை நமக்குத் தெரியும். ஆணாக வளர்க்கப்பட்டு, தன்னைப் பெண்ணாக உணர்ந்து வாழ்பவர்கள். அதற்கு மாறாக, பெண்ணாக வளர்க்கப்பட்டு ஆணாக வாழ்பவர்கள் திருநம்பிகள். ஆணையே விரும்பும் ஆண்களும், பெண்ணையே விரும்பும் பெண்களும் இந்தக் கூட்டத்தில் உண்டு.

இது வியாதி என்று ஒரு காலத்தில் டாக்டர்களே சொன்னார்கள். அந்தக் காலம் போய் விட்டது. ஒரே பாலினத்தாரை விரும்புவதை உலக சுகாதார நிறுவனம் 1990-ம் ஆண்டு நோய்ப் பட்டியலில் இருந்து எடுத்து விட்டது. "மந்திரித்தால் சரியாகி விடும், கல்யாணம் செய்து வைத்தால் மாறி விடுவான்" என்பதெல்லாம் வீண் பேச்சு. அப்படிச் செய்து வைத்த கல்யாணங்களில் இரண்டு குடும்பங்கள் கண்ணீர் விடுவதுதான் மிச்சம்.

பதினைந்து பேரில் தொடங்கியது

அமெரிக்காவில் நியூயார்க் நகரில் "ஸ்டோன்வால்" என்ற மதுக்கடை. இவர்கள் கூடும் இடம் அது. 1969-ம் ஆண்டு ஜூன் 28-ந் தேதி அதிகாலை போலீசார் அங்கே சோதனைக்குப் புகுந்தனர். அதுவரை தலை குனிந்து வேனில் ஏறியவர்கள் அன்று எதிர்த்து நின்றார்கள். மறு ஆண்டு அதன் நினைவாக ஊர்வலம் நடந்தது. உலகின் பல ஊர்களில் ஜூன் மாதம் இந்த விழா நடப்பதற்குக் காரணம் இதுதான். வானவில் கொடி 1978-ல் சான்பிரான்சிஸ்கோவில் பிறந்தது. முதலில் எட்டு வண்ணம் இருந்தது. பிறகு ஆறாகக் குறைந்தது.

இந்தியாவில் முதல் ஊர்வலம் 1999-ம் ஆண்டு ஜூலை 2-ந் தேதி கல்கத்தாவில் நடந்தது. நடந்தவர்கள் வெறும் 15 பேர்! "நட்பு நடை" என்று பெயர் வைத்தார்கள்.

2008-ம் ஆண்டு ஜூன் 29, ஞாயிற்றுக்கிழமை. டெல்லி, கல்கத்தா, பெங்களூர் ஆகிய மூன்று நகரங்களிலும் ஒரே நாளில் ஊர்வலம் நடந்தது. பெங்களூருக்கு அதுதான் முதல் முறை. அடுத்த ஆண்டு ஜூனில் சென்னை மெரினா கடற்கரையிலும் வானவில் கொடி பறந்தது. சென்னையில் இன்றும் ஜூன்தான் ஊர்வல மாதம். பெங்களூரில் அது பிற்பாடு ஆண்டுக் கடைசிக்கு மாறியது.

முகமூடி எதற்கு?

ஆரம்ப கால ஊர்வலங்களின் போட்டோக்களைப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். பலர் முகத்தில் முகமூடி! வண்ணக் காகித முகமூடி, கைக்குட்டை, பெரிய கறுப்புக் கண்ணாடி.

வேடிக்கைக்காகப் போட்டது அல்ல. அப்போது இந்திய தண்டனைச் சட்டத்தில் 377-வது பிரிவு இருந்தது. வெள்ளைக்காரன் 1860-ல் எழுதிய சட்டம். அதன்படி இவர்கள் குற்றவாளிகள். ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம். மறுநாள் பத்திரிகையில் முகம் வந்தால் வீட்டுக்காரர் அட்வான்சைத் திருப்பிக் கொடுத்து, "காலி செய்" என்பார். ஆபீசில் பின்னால் சிரிப்பார்கள். ஊரில் அப்பா தலை நிமிர்ந்து நடக்க முடியாது. ஆகவே முகத்தை மூடிக்கொண்டு நடந்தார்கள்.

2009-ல் டெல்லி ஐகோர்ட்டு இவர்களுக்கு ஆதரவாகத் தீர்ப்புச் சொன்னது. 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்து செய்தது. கழற்றிய முகமூடியை மீண்டும் தேட வேண்டிய நிலை. 2018-ம் ஆண்டு செப்டம்பர் 6-ந் தேதி அதே சுப்ரீம் கோர்ட்டு, வயது வந்த இருவர் மனம் ஒப்பிச் சேர்ந்து வாழ்வது குற்றம் அல்ல என்று தீர்ப்பு அளித்தது. 158 ஆண்டு காலப் பயம் அன்று விலகியது. அதற்குப் பிறகு முகமூடிகள் குறைந்தன.

குறைந்தன என்றுதான் சொல்ல வேண்டும். மறைந்து விடவில்லை. போலீசுக்குப் பயந்து போட்டவர்கள் கழற்றி விட்டார்கள். வீட்டுக்குப் பயந்து போட்டவர்கள் இன்னும் கழற்றவில்லை.

புல்தரைச் சந்திப்புகள்

ஊர்வலம் ஒரே ஒரு பிற்பகல்தான். அதற்கு முந்தைய நாட்களில்தான் உண்மையான விழா நடக்கிறது.

படம் போட்டுக் காட்டுகிறார்கள். பந்து விளையாடுகிறார்கள். கவிதை படிக்கிறார்கள். கையால் செய்த தோடு, பை, ஊறுகாய் என்று சின்னச் சந்தை போடுகிறார்கள். தனி ஆட்கள் தரும் நன்கொடையில்தான் பெரும் பகுதிச் செலவும் நடக்கிறது. கப்பன் பூங்காவில் புல்தரையில் துண்டை விரித்து, ஆளுக்கொரு டப்பாவில் சாப்பாடு கொண்டு வந்து பகிர்ந்து உண்கிறார்கள். பார்த்தால் ஏதோ குடும்பம் பிக்னிக் வந்தது போல இருக்கும். உண்மையும் அதுதான். வீட்டில் உட்கார இடம் இல்லாதவர்களுக்கு அது குடும்பம்.

இவற்றுக்கெல்லாம் முன்னோடி "குட் ஆஸ் யூ" என்ற பெங்களூர்க் குழு. 1994-ல் தொடங்கியது. செல்போன் இல்லாத காலம். வாய் வார்த்தையாகவே செய்தி பரவும். வியாழக்கிழமை மாலை ஓர் அறையில் கூடுவார்கள். புதிதாக வருபவர் வாசலில் நின்று தயங்குவார். உள்ளே வந்தால் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. "நான் ஒருவன் மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன்" என்ற எண்ணம் அந்த அறையில்தான் பலருக்கு உடைந்தது.

சேலத்தில் இருந்து வந்து பீனியா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் பையன் ஒருவன் என்று வைத்துக் கொள்ளுங்கள். நான்கு பேர் சேர்ந்து ஓர் அறை. மாதா மாதம் ஊருக்குப் பணம் அனுப்புகிறான். தீபாவளிக்குப் போனால் அத்தை, "பொண்ணு பார்க்கட்டுமா?" என்கிறாள். அறையில் இருப்பவர்களிடம் சொல்ல முடியாது. அம்மாவிடம் சொல்ல முடியாது. அவனுக்கு வேண்டியது கொடியும் தமட்டையும் அல்ல. மனசு விட்டுப் பேச ஒரு மணி நேரம். புல்தரைக் கூட்டம் தருவது அந்த ஒரு மணி நேரத்தைத்தான்.

நாமக்கல் தந்த எழுத்தாளர்

இந்தக் கதையில் தமிழருக்கு நேரடிப் பங்கு உண்டு. எழுத்தாளர் அ.ரேவதி நாமக்கல் வட்டாரக் கிராமத்தில் பிறந்தவர். பிள்ளைப் பருவத்திலேயே பெண்ணாகத் தன்னை உணர்ந்தார். வீட்டில் அடி, உதை. ரெயில் ஏறி ஓடினார். டெல்லி, மும்பை என்று அலைந்தார். பெங்களூரில் திருநங்கைகள் நடத்திய "ஹமாம்" என்னும் வெந்நீர்க் குளியல் கூடத்தில் வாழ்ந்தார். எங்கே போனாலும் திரும்பத் திரும்பப் பெற்றோர் வீட்டு வாசலுக்கே வந்து நின்றார்.

1999-ல் பெங்களூரில் "சங்கமா" என்ற அமைப்பில் சாதாரண ஊழியராகச் சேர்ந்தார். படிப்படியாக உயர்ந்து அதன் இயக்குநர் பொறுப்பையே ஏற்றார். திருநங்கைகளின் வாழ்க்கையைக் கேட்டுத் தொகுத்து "உணர்வும் உருவமும்" என்ற தமிழ் நூலைக் கொண்டு வந்தார். அவருடைய சுயசரிதை 2010-ல் ஆங்கிலத்திலும், மறு ஆண்டு "வெள்ளை மொழி" என்ற பெயரில் தமிழிலும் வெளிவந்தது. 2019-ல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக நூலகத்தின் முகப்பில் உலகப் பெண் எழுத்தாளர்களின் பெயர்களைப் பொறித்த பெரிய பதாகை கட்டப்பட்டது. அதில் ரேவதியின் பெயரும் இருந்தது.

வீட்டை விட்டு ஓடிய பிள்ளையின் பெயர் கடல் தாண்டிப் போய் நின்றது. ஆனால் ஓடாமலே இருந்திருக்கலாமே என்பதுதான் அந்தப் புத்தகத்தைப் படிப்பவரின் ஏக்கம்.

கிடைத்ததும் கிடைக்காததும்

சலுகைகள் ஒவ்வொன்றாக வந்தன. 2014-ல் மூன்றாம் பாலினத்தை சுப்ரீம் கோர்ட்டு அங்கீகரித்தது. 2016-ல் ரெயில்வே டிக்கெட் முன்பதிவுப் படிவத்தில் ஆண், பெண்ணோடு மூன்றாவது கட்டமும் சேர்ந்தது. 2021-ல் கர்நாடக அரசு தன் வேலைவாய்ப்பில் திருநங்கை, திருநம்பிகளுக்கு 1 சதவீத இடஒதுக்கீடு கொடுத்தது. நாட்டிலேயே இதில் கர்நாடகம்தான் முதல் மாநிலம்.

கல்யாணம் மட்டும் கிடைக்கவில்லை. 2023-ம் ஆண்டு அக்டோபர் 17-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, ஒரே பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்து, அது பாராளுமன்றத்தின் வேலை என்று சொல்லி விட்டது. கல்யாணம் என்பது தாலியும் மேளமும் மட்டும் அல்ல. குமாஸ்தா வேலை பார்ப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆஸ்பத்திரியில் யார் கையெழுத்துப் போடுவது? குடும்ப பென்ஷன் யாருக்கு? இருபது ஆண்டு சேர்ந்து வாழ்ந்தாலும், ஒருவர் கண்ணை மூடியதும் மற்றவர் "நீ யார்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். 2024-ல் மத்திய அரசு கொஞ்சம் இறங்கி வந்தது. ரேஷன் அட்டையில் இவர்களை ஒரே வீட்டாராகச் சேர்க்கலாம், பாங்கியில் கூட்டுக் கணக்குத் தொடங்கத் தடை இல்லை என்று அறிவித்தது.

2025 மே மாதம் சென்னை ஐகோர்ட்டில் ஒரு வழக்கு வந்தது. வேலூர் பகுதியைச் சேர்ந்த 25 வயதுப் பெண்ணைப் பெற்றோர் வீட்டிலேயே பிடித்து வைத்திருந்தனர். அவளுடைய தோழி கோர்ட்டுக்குப் போனாள். நீதிபதிகள் அந்தப் பெண்ணிடமே கேட்டனர். தோழியோடு போகவே விருப்பம் என்றாள். கோர்ட்டு அவளை விடுவித்து, குடும்பம் அமைக்கக் கல்யாணம் ஒன்றே வழி அல்ல என்றும் சொன்னது.

பெற்றோர் கையில்தான்

கோர்ட்டு வாசலைத் திறக்கலாம். வீட்டு வாசலைத் திறக்க அதற்கு அதிகாரம் இல்லை.

ஊர்வலத்தில் கை தட்டலை அதிகம் வாங்குபவர்கள், பிள்ளையோடு நடந்து வரும் அம்மாக்களும் அப்பாக்களும்தான். முன்பின் தெரியாத இளைஞர்கள் ஓடி வந்து அவர்களைக் கட்டிக் கொள்கிறார்கள். தங்கள் அம்மா வரவில்லையே என்ற குறையை அங்கே தீர்த்துக் கொள்கிறார்கள். மும்பையில் இத்தகைய பெற்றோர் சேர்ந்து "ஸ்வீகார்" என்ற பெயரில் தனிச் சங்கமே நடத்துகிறார்கள். ஸ்வீகார் என்றால் ஏற்றுக்கொள்ளுதல்.

ஏற்றுக்கொள்வது ஒரே நாளில் நடக்காது. அந்தப் பெற்றோர்களும் முதலில் அழுதவர்கள்தான். "நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்று பயந்தவர்கள்தான். அந்த நாலு பேர் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி கொண்டு வரப் போவதில்லை என்பது பிறகு அவர்களுக்குப் புரிந்தது.

பிள்ளை ஒரு நாள் தயங்கித் தயங்கி, "உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்" என்று ஆரம்பிக்கலாம். அதைச் சொல்ல அவன் பல வருடம் யோசித்திருப்பான். அடிக்க ஓங்கிய கையைக் கீழே போடுங்கள். சாமியாரைத் தேடி ஓடாதீர்கள். உடனே பதில் சொல்லத் தெரியாவிட்டால், "சாப்பிட்டாயா?" என்றாவது கேளுங்கள். அந்த ஒரு வார்த்தை போதும், அந்தப் பிள்ளை ரெயில் ஏறி ஓடாமல் இருக்க.