பயம் வந்தா விசுவாசம் இல்லையா? ஸ்டேன் சுவாமியின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். தெளிவுக்காகச் சுருக்கப்பட்டுள்ளது.)

சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. "எங்க ஊர்ல கிறிஸ்தவங்க கொஞ்சப் பேர்தான். வடக்கே சபைகளுக்கு நடக்குறதை நியூஸ்ல பார்த்துட்டு அம்மா சரியா தூங்குறதில்ல. விசுவாசம் இருந்தா பயம் வராதுன்னு சொல்றாங்க. எனக்கும் பயம் வருதே, அப்போ என் விசுவாசம் குறைவா?"

நல்ல கேள்வி. இதுக்கு ஒரு தமிழரோட வாழ்க்கையில இருந்து பதில் தேடலாம்.

யார் இவர்?

ஸ்டேன் சுவாமி 1937-ல் திருச்சி மாவட்டம் விரகலூரில் பிறந்தவர். இயேசு சபைத் துறவி. ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு பல வருஷம் வாழ்ந்தவர். அங்கே நக்சலைட்டுன்னு கைதான ஆதிவாசி இளைஞர்கள் பலர், வழக்கு முடியாமலே ஜெயில்ல கிடந்தாங்க. இவங்களைத்தான் விசாரணைக் கைதிகள்னு சொல்றோம். அவங்க நிலைமையை ஆய்வு செஞ்சு வெளியிட்டார். அவங்களுக்காக உயர் நீதிமன்றத்தில் வழக்கும் போட்டார்.

2020 அக்டோபர் 8 அன்று ராஞ்சியில் என்ஐஏ அவரையே கைது செய்தது. பீமா கோரேகான் வழக்கு, மாவோயிஸ்ட் தொடர்பு என்ற குற்றச்சாட்டு, உபா சட்டம். குற்றச்சாட்டை அவர் மறுத்தார். அப்போ வயசு 83.

ஒரு சிப்பர்

பார்க்கின்சன் நோயால கை நடுங்கும். டம்ளரைப் பிடிக்க முடியாது. சிப்பரும் ஸ்ட்ராவும் கேட்டு மனு போட்டார். பதில் சொல்ல என்ஐஏ 20 நாள் அவகாசம் கேட்டது. செய்தி பரவினதும், நாங்க சிப்பர் அனுப்புறோம்னு முகம் தெரியாத ஆட்கள் கிளம்பினாங்க.

ஆனா தினசரி உதவி, தலோஜா சிறைக்குள்ளேயே கிடைச்சது. ஒருத்தர் சாப்பிட வைப்பார், ஒருத்தர் குளிக்க உதவுவார், துணி துவைச்சு முழங்காலைத் தேய்ச்சு விட்டவங்க பரம ஏழைகள். இதையெல்லாம் கடிதத்தில் எழுதி, அவங்களுக்காக ஜெபிக்கச் சொன்னார். கைதிகளுக்காக நின்னவரை, கடைசியில கைதிகளே தாங்கிப் பிடிச்சாங்க.

அவர் கலங்கவே இல்லையா?

கலங்கினார். 2021 மே மாதம் வீடியோவில் நீதிபதிகள்கிட்ட, உடம்பு தளர்ந்துட்டு வருது, என் மக்கள்கிட்டயே போகணும்னு கேட்டார். ஜாமீன் கிடைக்கல. ஜூலை 5 அன்று மும்பை மருத்துவமனையில், ஜாமீன் மனு நிலுவையில் இருக்கும்போதே இறந்தார். அவர் பெயர் மேல இருக்கிற களங்கத்தை நீக்கணும்னு, பிறகு இன்னொரு இயேசு சபைத் துறவி பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்.

அப்போ பதில் என்ன?

கெத்செமனே தோட்டத்தை நினைச்சுப் பாருங்க. இயேசுவுக்கே மனசு கலங்குச்சு. அப்போ அவர் சீடர்கள்கிட்ட கேட்டது ஒண்ணுதான்: என்கூட முழிச்சிருங்க. அவங்க தூங்கிட்டாங்க. பயந்தது அங்கே குத்தமில்ல. பயந்தவரைத் தனியா விட்டதுதான் குறை.

அதனால, சேத்தியாத்தோப்புத் தங்கச்சி, உங்க விசுவாசம் குறையல. விசுவாசம் எல்லாரையும் காப்பாத்திடும்னு நான் சொல்ல மாட்டேன், ஸ்டேன் சுவாமிக்கு அப்படி நடக்கல. ஆனா பயந்த ஒருத்தர் பக்கத்துல போய் உட்கார அது தைரியம் தரும். இன்னைக்கு ராத்திரி அம்மாவுக்கு ஒரு போன் போடுங்க. பயப்படாதீங்கன்னு சொல்றதை விட, அவங்க சொல்றதை முழுசா கேளுங்க.

அடுத்த வாரம் சந்திப்போம்.