குடியைக் குறைக்கும் உரையாடல்

ஓசூருக்கு அண்மையில் உள்ள தொரப்பள்ளி ஒரு சிற்றூர். மூதறிஞர் இராசாசி 1878 ஆம் ஆண்டில் பிறந்த ஊர் இதுவே. அவர் சென்னை மாகாண அரசின் தலைமையை ஏற்றிருந்தபோது, 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. ஓசூர்ப் பகுதியும் அக்காலத்தில் அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. பின்னர் மாகாணம் முழுவதும் பரவிய அச்சட்டம் 1971 இல் தளர்த்தப்பட்டது.

இன்று ஓசூரைச் சுற்றித் தொழிற்சாலைகள் பெருகியுள்ளன, கல்லூரிகளும் உள்ளன. பெற்றோரைப் பிரிந்து விடுதியில் தங்கிப் பயிலும் இளைஞருள் சிலர், நண்பர் கூட்டத்தில் மிகுதியாகக் குடிக்கத் தொடங்குகின்றனர். 21 வயது நிரம்பாதோர்க்கு மது விற்பதைத் தமிழ்நாட்டுச் சட்டம் தடுக்கிறது. ஆயினும் தோழரின் வற்புறுத்தலைச் சட்டத்தால் தடுத்தல் அரிது.

இத்தகைய மாணவர்க்கென ஒரு வழியை அமெரிக்க நாட்டு வாசிங்டன் பல்கலைக்கழகத்தின் உளவியல் அறிஞர் ஆலன் மார்லட்டும் அவருடன் பணியாற்றியோரும் 1990களில் வகுத்தனர். இரண்டே அமர்வுகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மணி நேரம். தான் எப்போது, எவ்வளவு குடிக்கிறான் என்பதை மாணவன் முதல் அமர்வில் கூறுகிறான். பின்னர் நாள்தோறும் குறித்தும் வருகிறான். இரண்டாம் அமர்வில் அக்கணக்கே அவன்முன் வைக்கப்படுகிறது. செலவான பணம், தவறிய வகுப்பு, நேர்ந்த சண்டை ஆகியவற்றை அவனே எடுத்துரைக்கிறான். ஆலோசகர் வைவதில்லை, ஆணையிடுவதுமில்லை. ஆணையிட்டால் இளம் உள்ளம் எதிர்வாதம் தேடும். தானே கண்டு சொன்ன காரணத்தை அது எளிதில் தள்ளிவிடாது.

“எல்லோருந்தாம் குடிக்கிறார்கள்” என்பான் மாணவன். இவ்வெண்ணத்தைக் களைவதே இம்முறையின் உயிர்நிலை. தம் தோழர் உண்மையில் குடிப்பதைவிட மிகுதியாகக் குடிப்பதாக மாணவர் கருதுகின்றனர் என்பதைப் பெர்க்கின்சு, பெர்க்கோவிட்சு என்னும் இருவர் 1986 இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. குடித்தவனின் ஆரவாரம் விடுதி முழுவதும் கேட்கும். குடியாமல் உறங்கச் சென்றவனை யார் எண்ணுகிறார்? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ள ஆடவருள் மது அருந்துவோர் ஏறத்தாழ நால்வரில் ஒருவரே. கல்லூரிதோறும் பெயர் கேளாது கணக்கெடுத்து, அக்கல்லூரியின் எண்ணையே மாணவனுக்குக் காட்டுதல் வேண்டும். அயல்நாட்டு எண்ணை ஓசூர் மாணவன் ஏன் பொருட்படுத்துவான்?

இவ்வாலோசனையை மருத்துவரே கூறவேண்டும் என்பதில்லை. கோவாவில் பயிற்சி பெற்ற எளிய மக்கள், ஆரம்பச் சுகாதார நிலையங்களுக்கு வந்த ஆடவர்க்கு நான்கு அமர்வுகள் வரை ஆலோசனை வழங்கினர். அவர்கள் மாணவர் அல்லர். தீங்கு விளையும் அளவு குடித்துவந்தோர். 2017 இல் வெளியான அவ்வாய்வில், ஆலோசனை பெற்றோருள் 36 விழுக்காட்டினரும், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றோருள் 26 விழுக்காட்டினரும் மூன்று மாதத்தில் அந்நிலையிலிருந்து விடுபட்டிருந்தனர். பயன் பெரிதன்று, ஆனால் செலவும் சிறிதே. குடியை நிறுத்தியவுடன் கைந்நடுக்கமும் வலிப்பும் காண்போர்க்கு உரையாடல் போதாது. அவர்கள் மருத்துவமனைக்கே செல்லவேண்டும்.

தமிழும் தெலுங்கும் கன்னடமும் வழங்கும் ஓசூர்ப் பகுதியில், ஆலோசகர் மாணவனின் வீட்டுமொழியில் பேசவல்லவராக இருப்பது நன்று.