குளிர்காலத் தெருவில் ஒரு வெப்பநாட்டுக் கிழங்கு

ஆண்டிறுதி விடுமுறையில் தோக்கியோ, சோல், பெய்ஜிங் முதலிய நகரங்களுக்குச் சென்று திரும்பும் நம் மாணவர்கள், தெருவோரத்தில் வாங்கி உண்ட சுட்ட கிழங்கைப் பற்றி ஆர்வத்தோடு பேசக் கேட்கிறோம். பயணம் செல்லாதோரும் அதனை அறிவர். சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் உள்ள ஜப்பானியப் பேரங்காடிகளின் வாயிலிலேயே அதன் இனிய மணம் நம்மை வரவேற்கிறது. 'யாக்கி இமோ' என்னும் ஜப்பானியப் பெயரும் மாணவர் நாவில் பழகிவிட்டது. ஆயினும், இது நம் வீட்டுச் சர்க்கரைவள்ளிக் கிழங்குதான் என்று கூறும்போது சிலர் வியப்படைகின்றனர். அந்த வியப்பே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

இங்கு நாம் இரண்டு வினாக்களை எடுத்துக்கொள்கிறோம். பனியைத் தாங்காத ஒரு வெப்பநாட்டுக் கொடி, வட ஆசியாவின் குளிர்கால உணவானது எவ்வாறு? அதற்கு வழங்கும் பலவகைப் பெயர்கள் நமக்கு எதனை உணர்த்துகின்றன?

தெருக்களில் காணும் காட்சி

ஜப்பானில் சூடேற்றிய கூழாங்கற்களின் நடுவே கிழங்கைப் புதைத்துச் சுடுவது பெருவழக்கு. சிறு சரக்குந்தில் அடுப்பை ஏற்றிக்கொண்டு, 'இஷி யாக்கி இமோ' என நீட்டி இசைக்கும் குரலை ஒலிபெருக்கியில் பரப்பியவாறு விற்பனையாளர் தெருத்தெருவாகச் செல்வர். 'இஷி' என்பது கல். 'யாக்கி' என்பது சுட்டது. 'இமோ' என்பது கிழங்கு. சீனத்திலும் கொரியாவிலும் எண்ணெய்ப் பீப்பாயை அடுப்பாக மாற்றிச் சுட்டு விற்கும் காட்சி பலருக்கும் பழக்கமானது. தில்லியின் குளிர்காலத் தெருக்களிலோ இக்கிழங்கு கரித்தணலில் வெந்து, தோலுரிக்கப்பட்டு, துண்டங்களாக நறுக்கப்பட்டு, எலுமிச்சைச் சாறும் மசாலாப் பொடியும் சேர்த்துப் பரிமாறப்படுகிறது. ஊருக்கு ஊர் முறை வேறுபடினும், உறைக்கும் குளிரில் சூடான கிழங்கை இரு கைகளாலும் பற்றிக் கதகதப்புப் பெறும் இன்பம் எங்கும் ஒன்றே.

ஏன் குளிர்காலம்? ஏன் மெல்லச் சுடுதல்?

கிழங்கு வட ஆசியாவில் உறைபனி விழுமுன், இலையுதிர் காலத்தில் அகழப்படுகிறது. அகழ்ந்தவுடன் அது அவ்வளவு இனிப்பதில்லை. ஏறத்தாழ 13 முதல் 15 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் சில வாரங்கள் சேமித்து வைக்கும்போது, அதிலுள்ள மாவுப்பொருளின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறுகிறது. எனவே, கிழங்கின் இனிப்பு மிகும் காலமும் மக்கள் சூடான உணவை நாடும் காலமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன.

சுடும் முறையிலும் ஓர் அறிவியல் உண்டு. சர்க்கரைவள்ளியில் பீட்டா அமிலேஸ் என்னும் நொதி மிகுந்துள்ளது. கிழங்கின் உட்புறம் ஏறத்தாழ 60 முதல் 75 டிகிரி வரையிலான வெப்பத்தில் இருக்கையில், இளகிய மாவுப்பொருளை இந்நொதி மால்டோஸ் என்னும் சர்க்கரையாக மாற்றுகிறது. வெப்பம் அதற்குமேல் உயர்ந்தால் நொதி செயலிழந்துவிடும். சூடான கற்கள் கிழங்கை மெல்ல மெல்லச் சூடாக்குவதால் நொதிக்குப் போதிய நேரம் கிடைக்கிறது. நுண்ணலை அடுப்பில் சில நிமிடங்களில் வேகவைத்த கிழங்கு அத்துணை இனிக்காமைக்குக் காரணம் இதுவே. தெருவோர விற்பனையாளரின் பொறுமையே கிழங்கின் இனிப்பு எனலாம்.

பசி காட்டிய வழி

இன்று தின்பண்டமாகக் கருதப்படும் இக்கிழங்கு, ஆசியாவில் பரவியது பஞ்சத்தின் காரணமாகவே என்பதை நாம் மறத்தலாகாது. இதன் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. ஸ்பானியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் அது பிலிப்பீன்ஸ் தீவுகளை அடைந்தது. அங்கு வணிகம் செய்த சென் ஜென்லோங் என்பவர், 1593இல் அதன் கொடியைச் சீனத்தின் ஃபூஜியான் மாநிலத்துக்குக் கொண்டுவந்தார் என்பது மரபு. அடுத்த ஆண்டு அங்குப் பஞ்சம் நேர்ந்தபோது, ஆளுநர் ஜின் சுவேசெங் அதனைப் பயிரிட ஊக்குவித்தார்.

ஃபூஜியானிலிருந்து 1605இல் நொகுனி சோகன் என்பவர் அதனை ரியூக்யூ தீவுகளுக்கு, அதாவது இன்றைய ஒக்கினாவாவுக்கு, எடுத்துச் சென்றார். அங்கிருந்து 1705இல் மயேதா ரியேமோன் என்பவரால் அது ஜப்பானின் தென்கோடியிலுள்ள சத்சுமாவைச் சேர்ந்தது. 1732ஆம் ஆண்டின் கொடும் பஞ்சத்துக்குப் பின்னர், அவோகி கொன்யோ என்னும் அறிஞர் 1735இல் அரசின் ஆதரவுடன் கிழக்கு ஜப்பானில் இதனைப் பயிரிட்டு வெற்றி கண்டார். அவருடைய கல்லறையில் 'சர்க்கரைக் கிழங்கு ஆசிரியர்' என்னும் பொருள்படும் பெயரே பொறிக்கப்பட்டுள்ளது. ஓர் ஆசிரியருக்கு இதனினும் சிறந்த பட்டம் வேண்டுமோ? பின்னர் 1763இல் ஜப்பானுக்குத் தூது சென்ற கொரிய அதிகாரி ஜோ ஒம், சுஷிமா தீவில் இக்கிழங்கைக் கண்டு தம் நாட்டுக்கு அனுப்பினார்.

பெயர் சொல்லும் வரலாறு

இவ்வழியை நாம் நூல்களில் மட்டுமன்றிப் பெயர்களிலும் காணலாம். சீனர் இட்ட பெயர்களுள் ஒன்று 'ஃபான்ஷூ'. அயலார் கிழங்கு என்பது அதன் பொருள். ஜப்பானியப் பொதுவழக்கு 'சத்சுமா இமோ', அதாவது சத்சுமாவின் கிழங்கு. ஆனால், சத்சுமா அமைந்திருந்த இன்றைய காகோஷிமாவில் அதனை அவ்வாறு அழைப்பதில்லை. 'கரா இமோ', அதாவது சீனக் கிழங்கு என்பர். ஒவ்வொருவரும் தமக்குக் கொடுத்தவரின் பெயரையே கிழங்குக்குச் சூட்டியிருக்கின்றனர். கொரியர் வழங்கும் 'கொகுமா' என்னும் சொல்லோ, சுஷிமாத் தீவினரின் 'கோகோ இமோ' என்பதன் திரிபு என்பர். 'கோகோ' என்பது பெற்றோரைப் பேணும் பண்பு. பஞ்ச காலத்தில் முதிய பெற்றோரைக் காக்க உதவிய கிழங்கு என்னும் கருத்து அப்பெயரில் அடங்கியுள்ளது.

விற்பனையாளரும் சொல்லாற்றலில் குறைந்தவரல்லர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் எடோ நகரில், அதாவது இன்றைய தோக்கியோவில், சுட்ட கிழங்கு விற்பனை தொடங்கியது. அக்கடைகளின் பலகையில் 'எட்டரை ரி' என்று எழுதியிருந்தனர். 'ரி' என்பது பழைய தொலைவளவு, ஏறத்தாழ 3.9 கிலோமீட்டர். செஸ்நட் கொட்டையின் ஜப்பானியப் பெயர் 'குரி'. அச்சொல் 'ஒன்பது ரி' என்றும் பொருள்படும். ஆகவே, சுவையில் குரிக்குச் சற்றே குறைந்தது என்று அடக்கத்தோடு கூறுவது 'எட்டரை ரி'. மற்றொரு கூட்டத்தார் 'பதின்மூன்று ரி' என்றனர். 'குரி யோரி' என்றால் 'குரியைவிட' என்பது பொருள். பிரித்துக் கேட்டால் ஒன்பது ரியும் நான்கு ரியும் ஆகும். கூட்டினால் பதின்மூன்று! நம் சிலேடையை அறிந்தோர்க்கு இவ்விளையாட்டு அயலானதன்று.

தமிழ் இட்ட பெயர்

தமிழர் வேறு வழியை மேற்கொண்டனர். 'வள்ளி' என்பது நம் மண்ணின் தொன்மையான கொடிப்பெயர். கபிலர் பாரியின் பறம்பு மலையைப் பாடிய புறநானூற்று 109ஆம் பாடல், உழவர் உழாமலே அம்மலை தரும் நான்கு பயன்களுள் வள்ளிக் கிழங்கையும் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர் அயலிலிருந்து வந்த கிழங்கு, அந்தப் பழைய பெயரின்முன் 'சர்க்கரை' என்னும் அடைமொழியைப் பெற்றது. தென்அமெரிக்காவிலிருந்து வந்த மற்றொரு கிழங்கு 'மரவள்ளி' ஆயிற்று. வட இந்தியரின் 'சகர்கந்த்' என்னும் சொல்லும் சர்க்கரையையும் கிழங்கையும் இணைத்ததே. இந்தோனீசியரின் 'ஊபி ஜாலார்' என்பதோ படரும் கிழங்கு எனப் பொருள்படும்.

ஆகவே, புதிய பொருளுக்குப் பெயரிடும் வழிகள் பல: வந்த இடத்தால் பெயரிடுதல், பண்பால் பெயரிடுதல், தொழிலால் பெயரிடுதல். முதல்வழி நன்றியைக் காக்கிறது. தமிழ் மேற்கொண்ட வழி, வந்த விருந்தினரைக் குடும்பப் பெயர் தந்து ஏற்றுக்கொள்கிறது. இவற்றுள் ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்பதன்று நம் கருத்து. எனினும், குடும்பப் பெயர் பெற்றவர் எங்கிருந்து வந்தார் என்பது காலப்போக்கில் மறந்துவிடுகிறது. அதனை நினைவூட்டுவது ஆசிரியரின் பணியாகிறது.

நம் வீட்டில் இரு தலைமுறை

இக்கிழங்கு நம் வீடுகளில் மற்றொரு நினைவையும் விட்டுச் சென்றுள்ளது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் மலாயாவையும் சிங்கப்பூரையும் ஆண்ட காலத்தில் அரிசி அரிதாயிற்று. மக்கள் கிடைத்த நிலத்திலெல்லாம் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நட்டு உயிர் காத்தனர். அக்காலத்தைக் கடந்த மூத்தோருள் சிலர் பின்னர் அவற்றை உண்ணவே மறுத்தனர். அவர்களின் கொள்ளுப்பேரர்கள் இன்று ஜப்பானியப் பெயரோடு, குளிரூட்டிய கடையில், விலை கொடுத்து அதனையே விரும்பி வாங்குகின்றனர்.

இதில் குறைகூற ஏதுமில்லை. பசியின் உணவு விருப்பத்தின் உணவாவது நற்காலத்தின் அடையாளம். சத்சுமாவிலும் கொரியாவிலும் நிகழ்ந்ததும் அதுவே. ஆயினும், 'யாக்கி இமோ' என்னும் சொல் மட்டுமே தெரிந்த மாணவர், தம் வீட்டு மூத்தோரிடம் அக்கிழங்கைப் பற்றி உரையாடும் வாய்ப்பை இழந்துவிடுகிறார். 'சர்க்கரைவள்ளி' என்றோ, தென்தமிழ்நாட்டார் வழங்கும் 'சீனிக்கிழங்கு' என்றோ, ஈழத்தார் வழங்கும் 'வற்றாளை' என்றோ கூறினால், அடுத்த நொடியே ஒரு பழைய கதை தொடங்கக்கூடும்.

ஆகவே, ஆசிரியர்கள் இதனை ஓர் எளிய வகுப்புப் பயிற்சியாக்கலாம். ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டிலும், மலாய், சீன நண்பர்களின் வீடுகளிலும் இக்கிழங்குக்கு வழங்கும் பெயர்களைக் கேட்டு எழுதி வரட்டும். எவரிடம் கேட்டனர், அவர் என்ன நினைவுகூர்ந்தார் என்பதையும் உடன் குறித்து வரட்டும். அடுத்தமுறை பேரங்காடியில் சூடான கிழங்கு ஒன்றை வாங்கும்போது, அதனை வீட்டுக்கு எடுத்துச் சென்று, மூத்தோரோடு பகிர்ந்து உண்டவாறே அவ்வினாவைத் தொடங்கலாம்.